சூரியன் ஓரிடம், டிஷ் வேறிடம்: ரேடியோ தொலைநோக்கி குறி தவறினால் எங்கே தேடுவது

செங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி மொட்டைமாடியில் நிற்கிறது எங்கள் தொலைநோக்கி. கேபிள்காரர் ஒருவர் வேண்டாமென்று கழித்த 12 அடி வலை டிஷ்தான் அது. நடுவில், டிஷ் குவிக்கும் அலையை வாங்கும் 1420 மெகாஹெர்ட்ஸ் ஃபீடை மாட்டி ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் அலையைப் பிடிக்கிறோம். இதைப் பராமரிப்பது என் வேலை. எனக்கு வரும் புகாரில் பாதி ஒரே புகார்: “அண்ணா, சூரியனைப் பார்க்கச் சொன்னா இது வேற எங்கேயோ பார்க்குது.”

புகார் ஒன்றுதான், காரணம் ஏழெட்டு. எந்தத் திசையில், எந்த நேரத்தில், எவ்வளவு தவறுகிறது என்று கேட்டால் பாதிக் காரணங்கள் அங்கேயே கழன்றுவிடும். அந்த வரிசையில் எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், பாக்கெட்டைக் காலி செய்வது கடைசியில்.

## எதற்கும் முன்னால்: பிழையை எண்ணாக எழுதுங்கள்

“கொஞ்சம் தள்ளி நிற்குது” என்பது அளவல்ல. கணக்குப்படி சூரியன் இருக்க வேண்டிய இடத்தில் டிஷ்ஷை வைத்து ரிசீவர் அளவைக் குறியுங்கள். பிறகு பீம் (டிஷ் ஒரே நேரத்தில் பார்க்கும் வானத் துண்டு) அகலத்தில் பாதி தூரம் இடம், வலம், மேல், கீழ் என நகர்த்தி நான்கு அளவுகள். எங்கள் டிஷ்ஷின் பீம் சுமார் 4 டிகிரி, ஆகவே பாதி 2 டிகிரி. எல்லாவற்றிலிருந்தும் வெற்று வானத்தின் அளவைக் கழித்துவிடுங்கள். இப்போது வலப்பக்க அளவை இடப்பக்க அளவால் வகுத்து, அதன் இயல் மடக்கையை எடுத்து, பீம் அகலத்தால் பெருக்கி, 5.55 ஆல் வகுத்தால் எத்தனை டிகிரி தள்ளி நிற்கிறது என்று வந்துவிடும். வலது இடதைவிட 20 சதவீதம் அதிகமென்றால் எங்களுக்கு 0.13 டிகிரி. மேல் கீழுக்கும் இதே கணக்கு.

ஒரு எச்சரிக்கை. வானத்தில் 2 டிகிரி பக்கவாட்டில் நகர, அசிமுத் மோட்டாரை (டிஷ்ஷைக் கிடைமட்டமாகச் சுழற்றுவது) 2 டிகிரி திருப்பினால் போதாது. 60 டிகிரி உயரத்தில் 4 டிகிரி திருப்ப வேண்டும், 80 டிகிரி உயரத்தில் பதினொன்றரை. எலிவேஷனின் (அந்த உயரக் கோணத்தின்) கொசைனால் வகுக்க மறந்தவர்கள் இல்லாத பிழையைத் தேடி அலைந்திருக்கிறார்கள். நானும் அலைந்திருக்கிறேன்.

எவ்வளவு தவறினால் கவலைப்பட வேண்டும்? பீமில் பத்தில் ஒரு பங்கு (எங்களுக்கு 0.4 டிகிரி) தவறினால் போவது 3 சதவீத சிக்னல். கால் பங்கு என்றால் 16 சதவீதம். பாதி என்றால் பாதிக்குப் பாதி போச்சு. பத்தில் ஒன்றுக்குள் வந்துவிட்டால் நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவேன்.

## அறிகுறி: எல்லாத் திசையிலும் ஒரே பக்கம், ஒரே அளவு

இருப்பதிலேயே நல்ல நோய் இதுதான். பெரும்பாலும் என்கோடரின் (தண்டு எத்தனை டிகிரி திரும்பியது என்று சொல்லும் கருவி) பூஜ்யம் தவறாக இருக்கும். காந்த ஊசியை நம்பி வடக்கு வைத்தீர்களா? இந்தப் பக்கத்தில் காந்த வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான். ஆனால் இரும்புத் தூணுக்குப் பக்கத்தில் ஊசியை வைத்தால் அது வடக்கைக் காட்டாது, தூணைத்தான் காட்டும். துருவ நட்சத்திரத்தை வைத்துச் சரிபார்க்கலாம் என்பார்கள். எங்கள் ஊர் 9 டிகிரி அட்சத்தில் இருப்பதால் அதுவும் 9 டிகிரி உயரத்தில்தான், தென்னந்தோப்புக்குள் ஒளிந்திருக்கும். சூரியனையே வைத்துச் சரிசெய்வதுதான் வழி: மேலே சொன்ன அளவை எடுத்து, வரும் எண்ணை மென்பொருளில் ஆஃப்செட்டாகப் போடுங்கள்.

போட்டும் ஒரு வாரத்தில் திரும்ப வந்தால் என்கோடரைத் தண்டோடு பிடித்திருக்கும் சின்ன மறை திருகு வழுக்குகிறது. தண்டிலும் கப்ளிங்கிலும் சேர்த்து ஒரு கோடு மார்க்கரால் இழுத்துவையுங்கள். அடுத்த வாரம் கோடு உடைந்திருந்தால் திருடன் அகப்பட்டான்.

பக்கவாட்டுப் பிழை வானத்தில் அளந்தால் எல்லா உயரத்திலும் ஒரே அளவாக வருகிறதா? அப்படியானால் பூஜ்யம் சரி, ஃபீடுதான் நடுவிலிருந்து விலகியிருக்கிறது. பூஜ்யப் பிழையாக இருந்தால் மேலே போகப் போக வானத்தில் குறையும்.

## அறிகுறி: காலையில் ஒரு பக்கம், மாலையில் எதிர்ப்பக்கம்

இதில்தான் நான் மூன்று வார இறுதிகளைத் தொலைத்தேன்.

காலையில் சூரியன் கணக்கைவிட 1.3 டிகிரி மேலே கிடைத்தது. மாலையில் அதே 1.3 டிகிரி கீழே. கிழக்கே ஒரு பக்கம், மேற்கே மறுபக்கம் என்றால் தூண் சாய்ந்திருக்கிறது என்று எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இருக்கும். நானும் நம்பி, தூண் தலைத் தட்டுக்கு அடியில் வாஷர் வாஷராக அடுக்கினேன். 300 மில்லிமீட்டர் தட்டில் ஒரு பக்கம் 1 மில்லிமீட்டர் உயர்த்தினால் 0.19 டிகிரி சாயும். ஏழு வாஷர் போட்டதும் பிழை காணாமல் போயிற்று. டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினோம். அடுத்த திங்கட்கிழமை யாரோ கணினியில் இணையத்தை இணைத்தார்கள். பிழை எதிர்ப்பக்கமாக, முழுதாகத் திரும்பி வந்தது.

நடந்தது இதுதான். கணினியின் உள் பேட்டரி செத்து, கடிகாரம் 5 நிமிடம் பின்தங்கியிருந்தது. வானம் 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஓடுகிறது, 5 நிமிடத்துக்கு 1.25. டிஷ் 5 நிமிடம் முந்தைய சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏறும்போது கீழே நிற்கும், இறங்கும்போது மேலே நிற்கும். வடக்கே தள்ளியிருக்கும் ஊராக இருந்தால் சூரியன் சாய்வாக ஏறும், கடிகாரப் பிழையில் பக்கவாட்டுப் பங்கும் சேர்ந்து வந்து காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் அட்சத்தில் பங்குனி, சித்திரையில் சூரியன் நேர் கிழக்கில் கிளம்பி, செங்குத்தாக ஏறி, உச்சி தாண்டி நேர் மேற்கில் இறங்குகிறது. தூண் கிழக்கு-மேற்காகச் சாய்ந்ததும் கடிகாரம் தவறியதும் அச்சு அசலாக ஒரே மாதிரி தெரியும்.

ஆகவே தூணைத் தொடுவதற்கு முன் இந்த வரிசை:

கடிகாரத்தைப் பாருங்கள். கைப்பேசி நேரத்தோடு நொடி வரை ஒத்துப்போகிறதா? 24 நொடி தவறினால் 0.1 டிகிரி.

அப்புறம் இடமும் நேரவலயமும். தீர்க்கரேகை என்று 82.5 போட்டுவைத்த கோப்பு ஒன்று எங்களிடம் இருந்தது. இந்திய நேரம் கணக்கிடும் கோடு அது, செங்கோட்டை இருப்பது 77.25 டிகிரியில். வித்தியாசம் 5.25 டிகிரி, நேரத்தில் 21 நிமிடம். இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12:21-க்கு. நவம்பர் தொடக்கத்தில் 12:05, பிப்ரவரி நடுவில் 12:35. “12 மணிக்கு உச்சி” என்று யாராவது மென்பொருள் எழுதியிருந்தால் பிடித்துத் திருத்துங்கள்.

இரண்டும் சரியென்றால்தான் ரசமட்டம். தலைத் தட்டில், டிஷ்ஷோடு சேர்ந்து சுழலும் பாகத்தில் ரசமட்டத்தை ஒட்டிவைத்து, 45 டிகிரிக்கு ஒருமுறை நிறுத்தி எட்டு இடத்தில் படியுங்கள். எதிரெதிர்த் திசை இரண்டின் வித்தியாசத்தில் பாதிதான் சாய்வு. இப்படி எடுத்தால் ரசமட்டத்தின் சொந்தக் கோணல் தானாகக் கழிந்துவிடும். கொத்தனார் மட்டம் போதாது, லேத் பட்டறையில் மெஷினை நிறுத்தும் மட்டத்தை ஒரு நாள் இரவல் கேளுங்கள். எட்டு அளவும் ஒரு வட்டத்தில் ஒரே மேடு, ஒரே பள்ளமாக வந்தால் தூண் சாய்வு: வாஷர் போடலாம், அல்லது மென்பொருளில் திருத்தலாம். இரண்டு மேடு, இரண்டு பள்ளம் வந்தால் பேரிங்கோ அது உட்காரும் தட்டோ வளைந்திருக்கிறது. அங்கே நிறுத்திவிட்டு லேத்காரரைக் கூப்பிடுங்கள். மழைக்கு முன் ஒரு சாய்வு, மழைக்குப் பின் வேறு சாய்வு என்றால் தளமே நகர்கிறது. அது கட்டடப் பொறியாளர் பார்க்க வேண்டியது, வாஷரால் ஆகாது.

## அறிகுறி: இடமிருந்து வந்தால் ஒன்று, வலமிருந்து வந்தால் வேறு

இதற்கு இரண்டு காரணம், பிரிக்க ஒரே சோதனை. சூரியனைக் குறுக்கே இரு திசையிலும் ஸ்கேன் செய்து உச்சங்கள் எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள். பிறகு பாதி வேகத்தில் அதையே செய்யுங்கள்.

விலகலும் பாதியானால் இயந்திரத்தில் குற்றமில்லை. ரிசீவர் அளவைச் சராசரி எடுத்துத் தாமதமாகத் தருகிறது. சராசரி நேரத்தைக் குறையுங்கள், முடிந்தது.

விலகல் அப்படியே இருந்தால் பல்சக்கரத்திலோ செயினிலோ ஆட்டம். மோட்டார் திரும்பத் தொடங்கிய பிறகும் டிஷ் கொஞ்ச நேரம் சும்மா நிற்கும். டிஷ் விளிம்பைக் கையால் மெதுவாக ஆட்டினால் கட் கட் என்று சத்தம் கேட்கும், விரலுக்கும் தெரியும். செயினை இறுக்குங்கள், கிரீஸ் போடுங்கள். மிச்ச ஆட்டத்துக்கு, எந்த இடத்துக்குப் போனாலும் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வந்து நிற்கும்படி மென்பொருளில் எழுதுங்கள். எலிவேஷனில் டிஷ்ஷை ஒரு பக்கம் லேசாகக் கனமாக வைத்தால் பற்கள் எப்போதும் ஒரே முகத்தில் படுத்திருக்கும். என்கோடர் மோட்டார் பக்கம் இருப்பதால்தான் இந்தத் தொல்லை. காசு இருந்தால் டிஷ் தண்டிலேயே மாட்டுங்கள். பல் தேய்ந்து ஆட்டம் அரை டிகிரியைத் தாண்டினால் புதுச் சக்கரம்தான், வேறு வைத்தியம் இல்லை.

## அறிகுறி: தாழ்ந்த உயரத்தில் மட்டும் தவறுகிறது

மேற்கே மட்டுமா, இரு பக்கமுமா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

மேற்கே மட்டுமென்றால் எங்கள் ஊரில் குற்றவாளி மலை. டிஷ் புளியரைப் பக்கம் தாழும்போது பீமின் ஓரம் மலையைத் தொடும். மலை 300 கெல்வினில் சூடாக நிற்கும் ஒரு சுவர். ரேடியோ சிக்னலின் வலிமையையும் கெல்வினில்தான் சொல்வோம், எங்கள் டிஷ்ஷுக்கு சூரியன் சுமார் 1,000 கெல்வின் ஏற்றுகிறது. இரண்டும் கலந்தால் உச்சம் மலைப் பக்கம் இழுபடும். சூரியன் இல்லாத நேரத்தில் அதே திசையில், அதே உயரத்தில் ஒரு ஸ்கேன் எடுத்து, முன்னதிலிருந்து கழியுங்கள். பிழை போய்விட்டால் டிஷ்ஷைத் தொடாதீர்கள்.

இரு பக்கமும் என்றால் ஃபீட் கால்கள். டிஷ் அடிவானம் நோக்கிப் படுக்கும்போது ஃபீட் எடையில் தொங்குகிறது. ஃபீட் கீழே போனால் பீம் மேலே போகும், இது பலரைக் குழப்புகிறது. 1.4 மீட்டர் குவிதூரத்தில் ஃபீட் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் பீம் ஏறத்தாழ மூன்றில் ஒரு டிகிரி நகரும். டிஷ் நிமிர்ந்திருக்கும்போதும் படுத்திருக்கும்போதும் விளிம்பிலிருந்து ஃபீட் வரை மேலும் கீழும் நூல் பிடித்து அளந்தால் தெரிந்துவிடும். கால் போல்ட்டுகள், அப்புறம் எதிர்க்கம்பி கட்டுவது, அதற்குப் பிறகுதான் புதுக் கால்.

காற்றில் அலை வளைவதால் வரும் பிழை 45 டிகிரியில் 0.02, 10 டிகிரி உயரத்தில் 0.1. எங்கள் பீமுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

## அறிகுறி: உச்சிக்குப் பக்கத்தில் பைத்தியம் பிடிக்கிறது

ஏப்ரல் 13, 14 வாக்கிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே போகிறது. சித்திரை முதல் நாள் கொடிக்கம்பத்துக்கு நிழல் இருக்காது. அசிமுத்-எலிவேஷன் டிஷ் அந்த நேரத்தில் கிழக்கிலிருந்து மேற்குக்கு ஒரே வீச்சில் அரை வட்டம் திரும்ப வேண்டும். மோட்டாரால் முடியாது, பிழை எகிறும். பழுது எதுவும் இல்லை. 85 டிகிரிக்கு மேல் போகாதபடி தடை வையுங்கள். சூரியன் அந்த இடத்தைக் கடக்க 40 நிமிடம் ஆகும், அதாவது 12 மணிக்குச் சாப்பிடப் போய் 12:40-க்கு வந்தால் சரியாக இருக்கும்.

ஊட்டி முத்தோரை தொலைநோக்கிக்கு இந்தச் சங்கடம் கிடையாது. 530 மீட்டர் நீள உருளையை 11 டிகிரிச் சரிவில், பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடத்தியிருக்கிறார்கள். ஒரே அச்சில் சுழன்றால் போதும். அந்த ஊரின் அட்சமும் 11 டிகிரிதான். மலையைத் தேடிப் பிடித்துக் கட்டியது அது, நமக்குக் கிடைத்தது மொட்டைமாடி.

மற்ற நாட்களிலும் 60 டிகிரிக்கு மேல் பக்கவாட்டுப் பிழை பெருகினால் முதலில் கொசைன் கணக்கைத் திரும்பப் பாருங்கள். அது சரியென்றால் இரண்டு அச்சுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இல்லை. கொஞ்சம் என்றால் மாடல் (மிச்சப் பிழையைக் கணித்துக் கழிக்கும் மென்பொருள் கணக்கு, கடைசியில் வருகிறது) பார்த்துக்கொள்ளும், ஒரு டிகிரிக்கு மேல் என்றால் வெல்டிங்கை அறுத்துத் திரும்பப் பிடிக்க வேண்டும்.

## அறிகுறி: நாளுக்கு ஒன்று, நேரத்துக்கு ஒன்று

ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று ஆரியங்காவு வழியாக வந்து விழும். குற்றாலத்துக்குச் சாரல், எங்களுக்குத் தலைவலி. காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்கு. சூரியனை நடுவில் வைக்காமல் பீமின் பாதிச் சரிவில் நிறுத்தி ரிசீவரைப் பாருங்கள். அங்கே சின்ன ஆட்டமும் பெரிதாகத் தெரியும். காற்று அடிக்கும்போதெல்லாம் குதித்தால் காற்றுதான், டிஷ்ஷை உச்சி நோக்கி நிறுத்திக் கட்டிவிட்டு இறங்குங்கள். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மெதுவாக நகர்ந்து, மாலையில் திரும்பி வந்தால் தூணின் ஒரு பக்கம் வெயிலில் சூடேறி வளைகிறது. வெள்ளைப் பெயின்ட், ஒரு ஓலைத் தட்டி. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

திடீரென்று ஒரு நாள் இரண்டு டிகிரி தாவினால்? என்கோடர் ஒயர், பவர் கட்டுக்குப் பிறகு பூஜ்யம் மறந்தது, இப்படி நிறைய சொல்லலாம். எங்கள் நோட்டில் இதற்கு நேரே அதிகம் எழுதியிருப்பது குரங்கு. ஃபீட் காலில் தொங்கி ஊஞ்சலாடிவிட்டுப் போகும். மேலே ஏறுவதற்கு முன் அடியில் நின்று ஃபீட் நடுவில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

## இத்தனைக்கும் பிறகு மாடல்

மேலே சொன்னதெல்லாம் முடிந்து, மிச்சமிருக்கும் பிழை திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வந்தால் மட்டும் மாடல் போடுங்கள். ஏழு எண்கள் போதும்: அசிமுத் பூஜ்யம், எலிவேஷன் பூஜ்யம், ஃபீட் விலகல், அச்சுகளின் செங்குத்தின்மை, தூணின் வடக்குச் சாய்வு, கிழக்குச் சாய்வு, தாழும்போது தொங்கல். ஜெர்மனியில் எஃபெல்ஸ்பெர்க்கின் 100 மீட்டர் டிஷ்ஷும் இந்தக் குடும்பத்துக் கணக்கைத்தான் போடுகிறது.

சூரியனை மட்டும் நம்பி இதைச் செய்யாதீர்கள். எங்கள் ஊரில் வருடம் முழுக்கப் பார்த்தாலும் அது உதிப்பது 66 முதல் 114 டிகிரிக்குள்தான். வடக்கும் தெற்கும் தாழ்ந்த உயரத்தில் வெறுமையாகக் கிடக்கும், கணினி அங்கே இஷ்டத்துக்கு எண் போட்டு நிரப்பும். வானில் பலமாக ரேடியோ அலை வீசும் இரண்டு பொருள்கள் உண்டு: வடக்கே காஸியோப்பியா ஏ 40 டிகிரி உயரத்திலும், சிக்னஸ் ஏ 58 டிகிரி உயரத்திலும் உச்சம் கடக்கின்றன. எங்கள் டிஷ்ஷில் அவை 3 கெல்வின் அளவுக்குத்தான் ஏறும். டிஷ்ஷை நிறுத்திவைத்து, வானம் ஓடிவரக் காத்திருந்து, நாலைந்து இரவு சராசரி எடுத்தால் கிடைக்கும். கடிகாரமா சாய்வா என்ற சண்டையும் அங்கே தீரும்: உச்சம் கடக்கும் பொருள் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை, ஆகவே கடிகாரப் பிழை பக்கவாட்டில் மட்டும் வரும்.

மாடல் சொல்லும் சாய்வையும் ரசமட்டம் சொல்லும் சாய்வையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒத்துப்போகவில்லையென்றால் மாடலைத் தூக்கிப் போட்டுவிட்டு மேலே போய் முதலிலிருந்து படியுங்கள்.

## ஆளைக் கூப்பிடும் முன்

வெல்டிங், பேரிங், தளம் இந்த மூன்றுக்கும் ஆள் வேண்டும். உயரத்தில் பெல்ட் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள், மாணவர்களை ஏற்றவே வேண்டாம். ஆள் வரும்போது அளவுத் தாளைக் கையில் வையுங்கள். போன வருடம் எலிவேஷன் கட்டு விரிந்துவிட்டது என்று முடிவுகட்டி, கொட்டாரக்கரையிலிருந்து வெல்டர் சேட்டனை வரவழைத்தேன். தாளைப் பார்த்தார், டிஷ்ஷைப் பார்த்தார், விளிம்பைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார்.

“சாரே, இது வெல்டிங் பணியல்லா. போல்ட்டு லூஸா.”

24-ஆம் நம்பர் ஸ்பேனர், அரை நிமிடம். பஸ் கூலியும் மீன் சாப்பாடும் என் கணக்கு.